கோகனின் ‘கடற்கரையில் தாஹிதிப் பெண்கள்’: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மணலில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருத்தி சிவப்புத் துணி உடுத்தியிருக்கிறாள், இன்னொருத்தி இளஞ்சிவப்பு அங்கி அணிந்திருக்கிறாள். போஸ்டரிலும் நாட்காட்டியிலும் இந்தப் படத்தைப் பார்த்தவர்கள் ஏராளம். வரைந்தவர் பெயர் தெரியாதவர்களும் அதே அளவு இருப்பார்கள். ஓவியத்தில் ஆர்வமுள்ள நண்பர்களும் வரையப் பழகும் மாணவர்களும் இதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். எனக்கு மிகவும் பிடித்த படம் என்பதால் சில பதில்கள் நீண்டுவிட்டன.

இது யாருடைய ஓவியம்? எப்போது வரைந்தது?

பிரெஞ்சு ஓவியர் பால் கோகன் 1891இல், தென் பசிபிக் கடலில் உள்ள தாஹிதித் தீவில் வரைந்த எண்ணெய் வண்ண ஓவியம் இது. ‘தாஹிதிப் பெண்கள்’ என்றும், ‘கடற்கரையில்’ என்ற சொல் சேர்த்தும் குறிப்பிடுவார்கள். இப்போது பாரிஸில் உள்ள ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கீ த ஷொலே என்ற பிரபு உயில் எழுதிவைத்ததன் மூலம் 1923இல் பிரெஞ்சு அரசுக்குச் சொந்தமானது.

அளவு 69 செ.மீ. உயரம், 91.5 செ.மீ. அகலம். அச்சில் மட்டுமே பார்த்தவர்கள் இதைச் சுவரை நிறைக்கும் படம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் ஒரு மீட்டர்கூட இல்லை. அவ்வளவு சிறிய கித்தானில் இரண்டு உருவங்களை அத்தனை கனத்தோடு உட்கார வைத்ததுதான் கோகனின் கெட்டிக்காரத்தனம்.

படத்தில் அப்படி என்ன இருக்கிறது? இரண்டு பேர் சும்மாதானே உட்கார்ந்திருக்கிறார்கள்?

ஆமாம், சும்மாதான் உட்கார்ந்திருக்கிறார்கள். அதை எப்படி வரைந்திருக்கிறார் என்று நிதானமாகப் பாருங்கள்.

இடப்பக்கம் இருப்பவள் வெள்ளை மேல்சட்டையும், வெள்ளைப் பூக்கள் போட்ட சிவப்புப் பரேயோவும் அணிந்திருக்கிறாள். பரேயோ என்பது நம்மூர்க் கைலி போல இடுப்பில் சுற்றிக்கொள்ளும் துணி. ஒரு கையை மணலில் நேராக ஊன்றி, உடம்பின் பாரத்தை அதன்மேல் சாய்த்திருக்கிறாள். தலை கவிழ்ந்திருக்கிறது. முகம் பக்கவாட்டில் தெரிகிறது, கண்கள் தாழ்ந்திருக்கின்றன. கருங்கூந்தலை மஞ்சள் நாடாவால் கட்டி, காதோரம் ஒரு வெள்ளைப் பூ செருகியிருக்கிறாள். ஊன்றிய அந்தக் கையை மட்டும் தனியாகக் கொஞ்ச நேரம் பாருங்கள். தோளிலிருந்து மணல்வரை ஒரு தூணைப் போல இறங்குகிறது. மெல்லிய, நளினமான கை இல்லை. வேலை செய்து பழகிய, எலும்பும் சதையும் உள்ள கை. படத்தின் மொத்தப் பாரமும் அதில்தான் நிற்கிறது. விரலால் அதை மறைத்துவிட்டுப் பார்த்தால் படம் சரிந்துவிடும்.

வலப்பக்கம் இருப்பவள் கால்களை மடக்கி நமக்கு நேராக உட்கார்ந்திருக்கிறாள். கழுத்துவரை மூடிய, நீளக் கைவைத்த இளஞ்சிவப்பு அங்கி. கையில் ஓலை நார், அதைப் பின்னிக்கொண்டிருக்கிறாள். ஆனால் கண் வேலையில் இல்லை. ஓரமாக எங்கோ பார்க்கிறாள். யாரோ வருகிறார்களா, ஏதோ சத்தம் கேட்டதா என்று படம் சொல்வதில்லை.

இருவரும் தொட்டுவிடும் தூரத்தில் இருக்கிறார்கள், ஆனால் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. நம்மையும் பார்க்கவில்லை. கடலையும் பார்க்கவில்லை. எனக்கு இந்தப் படத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. நெடுநாள் பழகிய இருவர் பேச்சு ஓய்ந்தபின் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பார்களே, அந்த மௌனத்தை வரைவது எளிதில்லை.

கடற்கரைப் படம் என்கிறீர்கள். கடல் எங்கே?

மேலே இருக்கிறது, மிகக் குறைந்த இடத்தில். மணல் ஒரு மஞ்சள் பட்டை, அதற்கு மேல் பச்சையும் கருமையும் கலந்த நீர்ப் பட்டைகள், இடையே வெண்கோடுகள். அவ்வளவுதான். தாஹிதியைச் சுற்றிப் பவழப்பாறை அரண் இருக்கிறது. பெரிய அலைகள் அதில் மோதி உடைந்துவிடும், கரையோரம் குளம் போன்ற அமைதியான நீர் நிற்கும். ஆகவே சீறும் அலை இல்லாதது வெறும் கற்பனை இல்லை, அந்தக் கரையின் இயல்பும் அதுதான்.

ஆனால் கோகனுக்கு வேறொரு காரணமும் இருந்தது. பின்னணியில் எல்லாக் கோடுகளும் கிடைமட்டமாக ஓடுகின்றன. பெண்களின் முதுகு, தோள், முழங்கால், துணி எல்லாம் வளைகோடுகள். தட்டையான பட்டைகளின் முன்னால் வைத்ததால் அந்த வளைவுகள் புடைத்துக்கொண்டு முன்னே வருகின்றன. கடலை ஆழமாக, தொலைவாக வரைந்திருந்தால் நம் கண் அங்கே ஓடிவிடும். அவர் நம்மை ஓடவிடவில்லை.

அந்தப் பெண் ஏன் கடற்கரையில் இப்படி மூடிக்கொண்டு கவுன் போட்டிருக்கிறாள்?

இந்தப் படத்தைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்விகளில் இதுவே முதன்மையானது என்பேன்.

அது மிஷனரி அங்கி. லண்டன் மிஷனரி சங்கத்தின் போதகர்கள் 1797இல் தாஹிதிக்கு வந்து இறங்கினார்கள். அடுத்த சில பத்தாண்டுகளில் தீவின் அரச குடும்பமே கிறித்தவத்தைத் தழுவியது. பழைய கோயில் மேடைகள் கைவிடப்பட்டன, ஆட்டங்களுக்குத் தடை வந்தது, பெண்களின் உடையும் மாறியது. கழுத்தை மூடி, கால்வரை தொங்கும் தொளதொள அங்கி நல்லொழுக்கத்தின் அடையாளம் ஆனது. 1842இல் பிரான்ஸ் தாஹிதியைத் தன் பாதுகாப்பில் எடுத்துக்கொண்டது. 1880இல் நேரடிக் குடியேற்ற நாடாகவே இணைத்துக்கொண்டது. ஐரோப்பியக் கப்பல்களோடு வந்த தொற்றுநோய்கள் மக்கள்தொகையைச் சூறையாடியிருந்தன. கோகன் வந்திறங்கியபோது இவ்வளவும் நடந்து முடிந்திருந்தது. மிஷனரிகள் வந்தே 94 ஆண்டுகள் ஆகியிருந்தன.

சரி, இடப்பக்கப் பெண்ணின் பரேயோ சுதேசி உடைதானே என்றால், சுற்றும் முறை தீவுடையதுதான். துணியோ ஐரோப்பிய ஆலைகளில் நெய்து, பூ அச்சிட்டு, கப்பலில் வந்த பருத்தி. தீவில் முன்பு உடுத்தியது மரப்பட்டையை அடித்துச் செய்த தாப்பா. ஆக ஒருத்தியின் உடம்பில் போதகர் கொண்டுவந்த உடை, இன்னொருத்தியின் உடம்பில் வியாபாரி கொண்டுவந்த துணி. இடையில் பழைய கைவேலையாக மிஞ்சியிருப்பது அந்த ஓலைப் பின்னல்.

தமிழ் வாசகர்களுக்கு இங்கே ஒரு கிளைச் செய்தி. இதே லண்டன் மிஷனரி சங்கம்தான் 1806 முதல் தெற்குத் திருவிதாங்கூரில், மயிலாடி, நாகர்கோவில் பகுதிகளில் பணியாற்றியது. அங்கேயும் பெண்களின் மேலுடை பெரிய விவகாரம் ஆனது. ஆனால் கதை நேர் எதிர்த்திசையில் போனது. மார்பை மறைக்கும் உரிமை சாதியின் பேரால் மறுக்கப்பட்டிருந்த பெண்கள், மிஷனரிகள் அறிமுகப்படுத்திய குப்பாயம் என்ற மேல்சட்டையை விரும்பி அணிந்தார்கள், அதற்காக அடிபட்டார்கள், 1859இல் அரசாணை வரும்வரை போராடினார்கள். ஒரே சங்கம் தைக்கச் சொல்லிக்கொடுத்த சட்டை ஓரிடத்தில் கட்டுப்பாடாகவும் இன்னோரிடத்தில் விடுதலையாகவும் ஆகியிருக்கிறது. ஆகவே அந்த இளஞ்சிவப்பு அங்கியைப் பார்த்ததும் ‘ஐயோ, பாவம்’ என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அந்தப் பெண்ணுக்கு அது பிடித்த உடையாகவும் இருந்திருக்கலாம். இளஞ்சிவப்பு அவளுக்கு அழகாகத்தான் இருக்கிறது.

கோகன் எதற்காக அவ்வளவு தூரம் போனார்?

நாகரிகத்திலிருந்து தப்பிக்க என்று அவரே பேட்டியில் சொன்னார். அதன் பின்னால் நீண்ட கதை இருக்கிறது. 1848இல் பாரிஸில் பிறந்தவர். தாய்வழிப் பாட்டி ஃப்ளோரா திரிஸ்தான், பெரு நாட்டு வேர்கள் கொண்ட சோஷலிச எழுத்தாளர். சிறுவயதில் சில ஆண்டுகள் லிமாவில் வளர்ந்தார். இளவயதில் கப்பல்களில் வேலை பார்த்தார். பிறகு பாரிஸ் பங்குச் சந்தையில் தரகு வேலை, நல்ல வருமானம், டென்மார்க்கைச் சேர்ந்த மெத்தே காத் என்ற மனைவி, ஐந்து குழந்தைகள். மூத்த ஓவியர் பிசாரோவிடம் பழகிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் வரைந்துவந்தார். 1882இல் சந்தை சரிந்தது. அதையடுத்து வேலையை விட்டு முழுநேர ஓவியர் ஆனார். பணம் போனது, குடும்பமும் பிரிந்தது.

பிரான்ஸின் பிரித்தனிப் பகுதி, பனாமா, மார்த்தினிக் தீவு, ஆர்ல் நகரில் வான்கோவோடு இரண்டு மாதங்கள் என்று அலைந்தபின், 1891 பிப்ரவரி 23 அன்று பாரிஸில் தன் படங்களை ஏலத்தில் விற்றுப் பயணப் பணம் திரட்டினார். ஏப்ரல் 1 அன்று மார்செய் துறைமுகத்தில் கப்பல் ஏறி, ஜூன் 9 அன்று தாஹிதியின் தலைநகர் பப்பேத்தேயில் இறங்கினார். மூன்றே நாளில், ஜூன் 12 அன்று, தீவின் கடைசி அரசர் ஐந்தாம் பொமாரே இறந்துபோனார். பப்பேத்தே நகரமோ அதிகாரிகளும் சிப்பாய்களும் வணிகர்களும் நிறைந்த குட்டி பிரான்ஸ். ஏமாற்றத்தோடு கோகன் தெற்குக் கரையில் மத்தாயேயா என்ற ஊருக்குக் குடிபோனார்.

தேடிவந்த தொல்பழம் உலகம் இல்லாமல் போனதும் அவர் இரண்டு காரியம் செய்தார். எழுத்தில் அதை உருவாக்கினார்: 1837இல் ஓர் ஐரோப்பியர் வெளியிட்ட நூலில் படித்த பழைய தெய்வக் கதைகளை, தீவுப் பெண்ணின் வாயிலிருந்து தான் கேட்டதாக எழுதினார். பல ஓவியங்களிலும் அப்படியே, இல்லாத சிலைகளை நிறுத்தினார். ஆனால் இந்த 1891 படத்தில், எதிரே கண்டதைக் கண்டபடி வரைந்திருக்கிறார். அங்கி இருந்தது, அங்கியை வரைந்தார். ஆலைத்துணி இருந்தது, ஆலைத்துணியை வரைந்தார். சொர்க்கம் தேடி வந்தவர் கையால் வந்த மிக நேர்மையான படம் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

போஸ்ட் இம்ப்ரெஷனிசம் என்றால் என்ன?

கண்முன் மாறும் ஒளியை அந்தக் கணத்திலேயே பிடிக்க முயன்ற பாணி இம்ப்ரெஷனிசம். அதற்குப் பின் வந்த, அதிலிருந்து விலகிப் போன கோகன் போன்ற ஓவியர்களுக்கு இடப்பட்ட பொதுப்பெயர் இது. பெயர் வைத்தவர் ஆங்கில விமர்சகர் ரோஜர் ஃபிரை. 1910இல் லண்டன் கிராஃப்டன் கேலரியில் அவர் நடத்திய கண்காட்சிக்காகச் சூட்டினார். அப்போது கோகன், வான்கோ, சூரா, செசான் நால்வருமே உயிரோடு இல்லை. நால்வரின் பாணியும் வேறு வேறு. ‘கண்ணுக்குத் தெரியும் ஒளியைப் பிடிப்பது மட்டும் போதாது’ என்ற எண்ணம்தான் பொது.

மோனேயின் கடற்கரைப் படங்களுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

இதற்கு ஓர் அருமையான ஜோடிப் படம் உண்டு. இம்ப்ரெஷனிச ஓவியர் மோனே 1870 கோடையில், திருமணமான கையோடு, நார்மண்டியில் துரூவில் கடற்கரையில் வரைந்தது. இப்போது லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. அதிலும் கடற்கரையில் இரண்டு பெண்கள்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். வெள்ளை உடையில், குடையோடு இருப்பவர் மோனேயின் மனைவி கமீல். எதிரே கருப்பு உடையில் இன்னொருவர்.

அந்தப் படத்தின் சாயத்துக்குள் உண்மையான மணல் துகள்கள் ஒட்டியிருக்கின்றன. காற்று வீசும் கரையிலேயே நின்று, அவசர அவசரமாக வரைந்ததற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். தூரிகைத் தடங்கள் அகலமாக, ஈரமாக, அரைகுறையாக நிற்கின்றன. கமீலின் முகம் சில தீற்றல்கள்தான். வெயில், காற்று, அந்த ஒரு மதியம், அவ்வளவுதான் மோனேவுக்கு வேண்டியிருந்தது.

கோகன் படத்தில் மணி என்ன என்று சொல்ல முடியாது. நிழல்கள் மணலில் விழுந்து நேரத்தைக் காட்டிக்கொடுப்பதில்லை. காற்று இல்லை. சாயம் சீராக, அமைதியாகப் பூசப்பட்டிருக்கிறது. உருவங்களைக் கருங்கோடு சுற்றிக் கட்டியிருக்கிறது. மோனேயின் பெண்கள் கோடை விடுமுறைக்கு வந்தவர்கள். கொஞ்ச நேரத்தில் எழுந்து ஓட்டலுக்குப் போய்விடுவார்கள். தாஹிதிப் பெண்கள் அங்கேயே வாழ்பவர்கள். அந்த உட்காரும் விதத்திலேயே அது தெரிகிறது. கரை அவர்களுக்குப் பொழுதுபோக்கு இடம் இல்லை, வீட்டு முற்றத்தின் தொடர்ச்சி.

எல்லாம் தட்டையாக இருக்கிறதே. கோகனுக்கு ஒளி நிழல் போட்டு வரையத் தெரியாதா?

தெரியும். பிசாரோவோடு பழகிய நாட்களில் அவர் வரைந்த நிலக்காட்சிகளைப் பார்த்தால் சந்தேகமே வராது. தெரிந்தே விட்டுவிட்டார்.

இயற்கையை அப்படியே நகலெடுக்காதே, கலை என்பது அதிலிருந்து சாரத்தைப் பிழிந்தெடுப்பது என்று 1888இலேயே நண்பர் ஒருவருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அதே ஆண்டு பிரித்தனியில் செரூசியே என்ற இளம் ஓவியரைக் காட்டுக்குள் அழைத்துப்போய், அந்த மரம் உனக்கு மஞ்சளாகத் தெரிகிறதா, அப்படியானால் உன்னிடம் உள்ளதிலேயே சிறந்த மஞ்சளை வை என்று பாடம் எடுத்தார்.

ஜப்பானிய மர அச்சுப் படங்கள் அவருக்கு வழிகாட்டின. தாஹிதிக்கு அவர் எடுத்துப்போன பெட்டியில் எகிப்தியச் சுவரோவியங்கள், ஜாவாவின் போரோபுதூர் புடைப்புச் சிற்பங்கள் ஆகியவற்றின் புகைப்படங்கள் இருந்தன. நம் படத்தின் இடப்பக்கப் பெண்ணைப் பாருங்கள்: பக்கவாட்டு முகம், நேராக இறங்கும் கை, அசையாத உடம்பு. எகிப்தியச் சுவரில் இருந்தாலும் அவளுக்கு அந்நியமாக இருக்காது. மூத்த ஓவியர் மானேயிடமிருந்தும் கற்றிருக்கிறார். பெரிய, வெளிச்சமான வண்ணப் பரப்பைக் கூர்மையான விளிம்போடு நிறுத்துவது மானேயின் வழி.

தோல் நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஐரோப்பிய ஓவியத்தில் கருத்த தோல் பெரும்பாலும் ஓரத்தில், பணியாள் உருவத்தில், இருட்டில் கலந்து கிடக்கும். இங்கே பழுப்பும் செம்மண்ணும் ஆரஞ்சும் சேர்ந்த தோல் நட்ட நடுவே நிற்கிறது. சிவப்பும் இளஞ்சிவப்பும் மஞ்சளும் அதற்குப் பொருந்தும்படி தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கின்றன. வண்ணத்தை எடுத்துக்கொடுப்பதே அந்தத் தோல்தான். நம்மைப் போன்ற நிறத்துக்காரர்கள் இதைப் பார்க்கும்போது ஒரு நிறைவு வரத்தான் செய்கிறது.

அந்தப் பெண்கள் யார்? ஏன் இவ்வளவு சோகம்?

தலைப்பில் அவர்களுக்குப் பெயர் இல்லை. ‘தாஹிதிப் பெண்கள்’ என்பதோடு நிறுத்திவிட்டார். வரைந்தவர் பெயர் உலகம் முழுக்கத் தெரியும், வரையப்பட்டவர்கள் பொதுச்சொல்லாகவே நின்றுவிட்டார்கள். எனக்கு அது எப்போதும் உறுத்தும்.

சோகம் என்று நான் சொல்ல மாட்டேன். வெளிநாட்டான் ஒருவன் எதிரே உட்கார்ந்து உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கும்போது யார்தான் முகத்தைத் திறந்து வைப்பார்கள்? வலப்பக்கப் பெண்ணின் ஓரப்பார்வையில் எனக்குச் சோகத்தைவிட எச்சரிக்கைதான் தெரிகிறது. கோகன் வந்து சில மாதங்களே ஆகியிருந்தன, அவர்கள் மொழியும் சரியாகத் தெரியாது. அந்த இடைவெளியைச் சிரிப்பு வரைந்து மூடாமல் அப்படியே விட்டதற்காக ஓவியரைப் பாராட்டலாம்.

இதே போன்ற இன்னொரு படம் பார்த்தேன். ஆனால் அங்கி இல்லை. போலியா?

போலி இல்லை. அடுத்த ஆண்டே, 1892இல், கோகன் இதே அமைப்பை மறுபடி வரைந்தார். ‘பராவு அப்பி’ என்று தலைப்பு, ‘என்ன சேதி?’ என்பது போலப் பொருள். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர ஓவியக் காட்சியகத்தில் இருக்கிறது.

இடப்பக்கப் பெண் ஏறக்குறைய அப்படியே இருக்கிறாள். வலப்பக்கப் பெண்ணின் மிஷனரி அங்கி போய், பூப்போட்ட பரேயோ வந்துவிட்டது. பாரிஸ் வாடிக்கையாளர்கள் தாஹிதியிலிருந்து எதிர்பார்த்தது அதுதானே. இரண்டில் டிரெஸ்டன் படம்தான் கண்ணுக்குப் பளிச்சென்று இருக்கிறது என்பார்கள். எனக்கு முதல் படமே மேல். அங்கியைக் கழற்றியதும் அந்தப் பெண்ணோடு சேர்ந்து ஒரு நூற்றாண்டு வரலாறும் படத்தைவிட்டுப் போய்விடுகிறது.

கோகன் சிறுமிகளோடு வாழ்ந்தவர் என்கிறார்களே. அப்படிப்பட்டவர் படத்தை ரசிப்பது சரியா?

அது உண்மை. முதல் தாஹிதி வாசத்தில் தெஹாமனா என்ற சிறுமியை மனைவியாக வைத்துக்கொண்டார். அவளுக்கு ஏறக்குறைய 13 வயது, அவருக்கு 43. இடையில் பிரான்ஸ் வந்து, 1895இல் மறுபடி தாஹிதிக்குப் போனபோது பஹுரா, பிறகு மார்கேசஸ் தீவுக்கூட்டத்தில் வயேஹோ. இருவருமே 14 வயது அளவில் இருந்தவர்கள். பிரான்ஸில் மெத்தே இன்னும் அவருடைய சட்டபூர்வ மனைவி.

‘அந்தக் காலத்தில் அப்படித்தான்’ என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. அவர் ஆளும் நாட்டின் வெள்ளைக்காரர். அந்தச் சிறுமிகள் ஆளப்படும் தீவின் குழந்தைகள். அந்த ஏற்றத்தாழ்வில்தான் எல்லாம் நடந்தது. மறுபக்கம், கடைசிக் காலத்தில் மார்கேசஸில் தீவு மக்களுக்காகக் காவல் அதிகாரியை எதிர்த்து எழுதி, 1903இல் அவதூறு வழக்கில் மூன்று மாதச் சிறைத் தண்டனையும் பெற்றார். அனுபவிக்கும் முன்பே, மே 8 அன்று அங்கே ஹிவா ஓவா தீவில் இறந்தார். இதைச் சொல்வது கணக்கை நேர்செய்வதற்காக இல்லை. சிறுமிகளுக்கு இழைத்ததை அது துடைக்காது.

லண்டன் நேஷனல் கேலரி 2019இல் கோகனின் உருவப்படங்களைக் காட்சிக்கு வைத்தபோது, இனி கோகனைப் பார்ப்பதையே நிறுத்திவிட வேண்டுமா என்ற கேள்வியைத் தன் ஒலி வழிகாட்டியிலேயே எழுப்பியது. நிறுத்த வேண்டாம் என்பது என் பதில். ஆனால் படத்தின் பக்கத்தில் இந்தச் செய்திகளும் இருக்க வேண்டும், மாணவர்களுக்குச் சொல்லும்போது வயதைச் சேர்த்தே சொல்ல வேண்டும். அவருடைய எல்லாப் படங்களையும் ஒரே மனநிலையில் பார்க்கவும் என்னால் முடியவில்லை. 1892இல் தெஹாமனாவை நிர்வாணமாக, பயந்து கட்டிலில் குப்புறக் கிடப்பவளாக வரைந்த படத்தின் முன் என்னால் வண்ணத்தைப் பற்றிப் பேச முடியாது. கடற்கரைப் பெண்கள் படத்தில் இருவரும் உடுத்தியிருக்கிறார்கள், தங்கள் பாட்டுக்கு இருக்கிறார்கள், ஒருத்தி தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறாள். பார்ப்பவருக்காக அவர்கள் அங்கே இல்லை. இதன் முன் என்னால் நெடுநேரம் நிற்க முடிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இதன் விலை என்ன இருக்கும்?

பிரெஞ்சு தேசிய அருங்காட்சியகச் சொத்து, விற்பனைக்கே வராது. ஒரு மதிப்புக்காகச் சொல்கிறேன்: கோகன் 1892இல் வரைந்த ‘எப்போது கல்யாணம்?’ என்ற ஓவியம், அதுவும் இரண்டு தாஹிதிப் பெண்கள்தான், 2015இல் தனியார் விற்பனையில் கைமாறியது. 30 கோடி டாலர் என்று செய்தி பரவியது. பின்னர் நீதிமன்ற வழக்கில் 21 கோடி டாலர் என்று தெரியவந்தது. உயிரோடிருந்தபோது சாயம் வாங்கவே அவர் பணத்துக்கு அல்லாடினார்.

நேரில் பார்க்க வேண்டுமானால்?

பாரிஸ், சேன் நதிக்கரை, ஓர்சே அருங்காட்சியகம். 1900 உலகக் கண்காட்சிக்காகக் கட்டிய ரயில் நிலையத்தை மாற்றி 1986இல் திறந்த கட்டடம். திங்கட்கிழமை விடுமுறை. வியாழக்கிழமைகளில் இரவு 9.45 வரை திறந்திருக்கும். கூட்டம் குறைந்த நேரம் அது. 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. புகழ்பெற்ற படம் என்பதால் வெளிநாட்டுக் கண்காட்சிக்கு இரவல் போயிருக்கக்கூடும். கிளம்பும் முன் அருங்காட்சியக இணையதளத்தில் ஓவியத்தின் பெயரைத் தேடி, காட்சியில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த வகையில் வேறு எந்தப் படங்களைப் பார்க்கலாம்?

கோகனே 1902இல் வரைந்த ‘கடற்கரையில் குதிரை வீரர்கள்’, ஜெர்மனியின் எசன் நகர ஃபோக்வாங் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இளஞ்சிவப்பு மணலில் குதிரைகள் அலையை நோக்கிப் போகின்றன. இறப்பதற்கு முந்தைய ஆண்டு, நோயோடு போராடிக்கொண்டே வரைந்தது.

ஓர்சேயிலேயே ஆன்றி எட்மோன் க்ராஸ் வரைந்த ‘மாலைக் காற்று’ இருக்கிறது. மத்தியதரைக் கடலோரம் பெண்கள், முழுக்கப் புள்ளி புள்ளியாக. அதைச் சக புள்ளிபாணி ஓவியர் சின்யாக் தன் வீட்டில் வைத்திருந்தார். 1904 கோடையில் அவர் ஊரான சேன் த்ரோப்பேவுக்கு வந்த ஓவியர் மத்தீஸ் அதைப் பார்த்துவிட்டுத்தான் தன் புகழ்பெற்ற புள்ளிபாணிக் கடற்கரைப் படத்தைத் தொடங்கினார். வான்கோ 1888இல் வரைந்த சேன்த் மரி கடற்கரைப் படகுகளையும் பாருங்கள். மனிதர்கள் இல்லை, ஆனால் ஒவ்வொரு படகுக்கும் ஒரு முகம் இருக்கிறது.

வரையப் பழகுகிறேன். இதை நகலெடுத்துப் பார்க்கலாமா? எங்கே சிக்கும்?

தாராளமாக. கோகன் இறந்து நூறாண்டுக்கு மேல் ஆகிவிட்டது, காப்புரிமைச் சிக்கல் இல்லை.

பெரும்பாலோர் முகத்தில் தொடங்கி மாட்டிக்கொள்கிறார்கள். நீங்கள் பின்னணிப் பட்டைகளில் தொடங்குங்கள். பிறகு இரண்டு உடல்களையும் சேர்த்து ஒரே வெளிக்கோடாக வரையுங்கள், நடுவே தெரியும் மணலின் வடிவத்தைத் தனி உருவமாக எண்ணி அளவெடுங்கள். அது சரியாக வந்தால் பாதி வேலை முடிந்தது. ஊன்றிய கையை மெலிதாக்கிவிடாதீர்கள். நகல்களில் முதலில் கெடுவது அதுதான்.

பரேயோவின் வெள்ளைப் பூக்கள் அடுத்த சிக்கல். துணி மடிகிற இடத்தில் பூவையும் நிழலோடு மடிக்கத் தோன்றும். கோகன் அவற்றைக் கிட்டத்தட்டத் தட்டையாகவே வைத்திருக்கிறார். அப்படி விட்டால்தான் சிவப்பு ஒரே பரப்பாக நிற்கும். அங்கிக்கு வெள்ளையில் சிவப்பை மட்டும் கலந்தால் மிட்டாய் நிறம் வந்துவிடும்; துளி காவியும், மடிப்புகளில் கொஞ்சம் ஊதாவும் சேருங்கள். வெளிக்கோட்டுக்குக் கருப்பை நேராக எடுக்காமல் கருநீலத்தில் பழுப்பைக் கலந்து பாருங்கள். கண்களைக் கடைசியில் வையுங்கள். வலப்பக்கப் பெண்ணின் கருவிழி ஒரு மயிரிழை நடுவே நகர்ந்தால்கூட அவள் நம்மைப் பார்க்க ஆரம்பித்துவிடுவாள். அப்படி ஆகிவிட்டால் துடைத்துவிட்டு மறுபடி வையுங்கள்.